சம்பந்தியோடை சண்டைக்கு ஒரு துவக்கு

கிறகரி தன்னுடைய அறுபது வருட வாழ்க்கையில் ஒரு பிழையும் விட்டதில்லை. இது அவரே தந்த தகவல்; வேறு சாட்சி கிடையாது. மூன்று வருடங்களுக்கு முன் மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில் இருக்கும் தன் வீட்டுக் கறாச் கதவைக் காரால் இடித்து உள்ளே தள்ளியபோதுகூட, ஆறுதலாக இறங்கி வந்து, கதவின் கோலத்தைப் பார்த்துவிட்டு, "ஆர் இதைப் பூட்டி வைச்சது?" என்றுதான் கேட்டார். பூட்டி வைத்தவரும் அவர்தான். ஆனால் கேள்வியைக் கேட்டவர் அவர் என்பதால் பதில் சொல்லவேண்டிய பொறுப்பு மற்றவர்களுக்குப் போய்விட்டது.

மன்னாரிலிருந்து தொண்ணூற்று மூன்றில் மொன்றியலுக்கு வந்தவர். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கி அனுப்பும் கூடமொன்றில் இருபத்தாறு வருடமாக வேலை. அவர் அடுக்கிய தட்டுகளைப் பற்றி இதுவரை ஒரு முறைப்பாடும் வந்ததில்லை என்பதைக் கல்யாண வீடுகளில் சொல்லுவார். முறைப்பாடு செய்ய நினைத்தவர் அந்த நேரம் அத்திலாந்திக்குக்கு மேலே பறந்துகொண்டிருப்பார் என்பதை நாகரிகம் கருதி யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

மனைவி கிறேஸ் கார்டெரி எனப்படும் குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்க்கிறாள். பதினெட்டு வருடமாக மூன்று வயதுக்காரரோடு மட்டுமே பிரெஞ்சு கதைத்துப் பழகியதால், அவளுடைய பிரெஞ்சில் கட்டளைகளும் பாராட்டுகளும் தவிர வேறொன்றும் இல்லை. வாழ்க்கைக்கு அது போதும் என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். கிறகரியின் பிரெஞ்சு 'போன்ஜூர்' என்று தொடங்கி 'மெர்சி' என்று முடியும். நடுவில் ஒன்றும் இல்லை.

ஒரே மகள் ஷெரோன், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். எத்தியென் என்கிற கியூபெக் பொடியனை அவளுக்கு நிச்சயித்தாயிற்று. நிச்சயித்தது அவர்கள் இருவரும், அறிவிக்கப்பட்டது கிறகரிக்கு. கல்யாணம் ஜூன் மாதம். கோட்சூட் தைக்கக் கொடுத்தாயிற்று. மகளைக் கையில் பிடித்துக் கோயிலுக்குள் பீடம்வரை கூட்டிப்போவதற்கு, பேஸ்மென்றில் கிறேசை மகளாக வைத்து இரண்டுமுறை ஒத்திகையும் பார்த்தாயிற்று. இரண்டுமுறையும் கிறேஸ்தான் வேகமாக நடந்துவிட்டாள் என்பது அவருடைய முடிவு.

ஒக்ரோபர் தொடக்கத்தில் ஒரு பின்னேரம் ஷெரோன் வந்து சோபாவில் இருந்தாள்.

"அப்பா, எத்தியென் வீட்டுக்காரர் இந்த மாசம் எயார்சொஃப்ட் விளையாடுவினம். ஒவ்வொரு வருசமும் முழுக் குடும்பமும் சேர்ந்து செய்யிறது. றெஜான் உங்களையும் அம்மாவையும் வரச்சொல்லுறார்."

றெஜான் எத்தியெனின் தகப்பன். கூரை வேலை செய்து ஓய்வுபெற்றவர்.

"அதென்ன சொஃப்ட்?"

"துவக்கு விளையாட்டு. பிளாஸ்ரிக் குண்டு. காட்டுக்குள்ளை ரெண்டு ரீமாய்ப் பிரிஞ்சு, ஒளிச்சு நிண்டு ஆளையாள் சுடுறது."

"சொந்தக்காரரைச் சுடுறதோ?"

"ஓம்."

"அதுக்கு ஏன் காடுமட்டும் போகோணும்?"

கிறேஸ் குசினிக்குள்ளிருந்து சிரித்தாள். கிறகரி சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

"அண்டைக்கு எனக்கு வேலை கிடக்கும் பிள்ளை."

"எண்டைக்கு எண்டு நான் இன்னும் சொல்லேல்லை."

அந்த இடத்தில் வழக்கமான தகப்பன்மார் கொஞ்சம் தடுமாறுவார்கள். கிறகரி, "எண்டைக்கெண்டாலும் வேலைதானே, அதைத்தான் சொன்னனான்" என்றார்.

ஷெரோன் விரல்விட்டு எண்ணினாள். "மேப்பிள் சீனிக் குடிலுக்குக் கூப்பிட்டினம், குளிர் எண்டீங்க. நத்தாருக்குக் கூப்பிட்டினம், தடிமன் எண்டீங்க. வாவிக் கரைக்குக் கூப்பிட்டினம், நுளம்பு எண்டீங்க. அவையள் உங்களை ஒருக்காத்தான் கண்டவை, அதுவும் பார்க்கிங்கிலை. கேளுங்க அப்பா. இதுக்கும் வராட்டில், ஜூன் மாசம் கோயிலுக்குள்ளை நான் தனியத்தான் நடப்பன். என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு வாற ஆளை அவையளுக்குத் தெரிஞ்சிருக்கோணும். ஊபர்க்காரன் கொண்டுவந்து இறக்கிவிட்ட மாதிரி இருக்கக்கூடாது."

சொல்லிவிட்டு எழும்பிப் போய்த் தாயிடம் தேத்தண்ணி வாங்கிக் குடித்தாள். கிறகரி கோட்சூட்டை நினைத்தார். நடையை நினைத்தார். கோயிலின் இரண்டு பக்கமும் எழும்பி நிற்கப்போகும் சனத்தை நினைத்தார். அந்தச் சனத்தில் பாதிப்பேருக்கு அவர் அந்த நடையைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"சரி, வாறன். துவக்குக்கு என்ன செய்யிறது?"

"றெஜானிட்டை மேலதிகமாய் நாலைஞ்சு கிடக்கு. தருவார்."

இங்கேதான் பிரச்சினை பிறந்தது. பொம்பிளை வீட்டுக்காரன் மாப்பிள்ளை வீட்டில் இரவல் வாங்குவதா? ஒரு சுளகு, ஒரு கிடாரம் என்றாலும் பரவாயில்லை. சம்பந்தியின் துவக்கை வாங்கிச் சம்பந்தியையே சுடுவது எந்த முறையில் சேர்த்தி? கிறகரிக்கு வளைய வராது. கிறேஸ், "எனக்கு இரவல் காணும், மெர்சி எண்டு சொல்லிப்போட்டு வேண்டுவன்" என்றாள். அவளுக்கு மானம் என்கிற விஷயத்தில் எப்போதுமே ஒரு அலட்சியம் இருந்தது.

ஆகவே சொந்தத் துவக்கு. ஆனால் கிறகரியின் மானம் எவ்வளவு உயரமோ அவருடைய பேர்ஸ் அவ்வளவு இறுக்கம். இரண்டும் ஒரே ஆளுக்குள் குடியிருந்ததால் இரண்டுக்கும் பொருத்தமான ஒரு பொருள் கிடைப்பது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

லவாலில் தரைவிரிப்புக் கடைக்குப் பக்கத்தில் இந்த விளையாட்டுத் துவக்கு விற்கிற கடையொன்று இருந்தது. உள்ளே போனார். சுவர் முழுக்கத் துவக்கு. விலைத் துண்டைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அறுநூற்றைம்பது. பக்கத்தில் எண்ணூறு. கடைசியாக ஒரு மூலையில் எழுபத்தொன்பதுக்கு ஒன்று. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்து விடவேண்டிய வில் துவக்கு அது. கடைக்காரப் பெண் பிரெஞ்சில் என்னவோ விளக்கினாள். அவளுடைய முகத்திலிருந்து கிறகரி மொழிபெயர்த்துக்கொண்டது: இதைக் கொண்டுபோனால் நீங்கள் ஒருதரம் சுடுவதற்குள் அவர்கள் பத்துத்தரம் சுட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

"சேல் எப்ப?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"பொக்சிங் டே."

சண்டை வருகிற சனிக்கு அடுத்த சனி. நத்தாருக்கு மறுநாள் வரும் பொக்சிங் டேக்குத் தள்ளிவைக்கும்படி சம்பந்தியைக் கேட்கலாமா என்று காருக்குள் இருந்து ஒரு நிமிடம் உண்மையாகவே யோசித்தார்.

பிறகுதான் றெனோல்டின் ஞாபகம் வந்தது. றெனோல்ட் அதே பங்குக் கோயில்காரன். உலகத்தில் எந்தப் பொருளையும் பாதி விலைக்கு எடுத்துத் தருகிறவன். வட்ஸ்அப்பைத் திறந்து குரலில் சொன்னார்.

"டேய் றெனோல்ட், எனக்கு அவசரமாய் ஒரு துவக்கு வேணும். மலிவாய் இருக்கோணும். பழசெண்டாலும் காரியமில்லை, சுட்டால் காணும். அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனி சம்பந்தியோடை சண்டை. அவன் தன்ரை துவக்கைத் தாறன் எண்டவன், நான் வேண்டமாட்டன். கிறேசுக்கு விலையைப் பற்றி மூச்சு விட்டிடாதை."

அனுப்பிய பிறகு பார்த்தால், போய்ச் சேர்ந்த இடம் றெனோல்ட் இல்லை. 'மடுமாதா திருவிழா சமையல் குழு'. நூற்றெண்பத்தேழு பேர். அந்தக் குழுவில் கடைசியாக வந்திருந்த செய்தி றெனோல்டுடையது. அதைத் தட்டித்தான் பேசியிருக்கிறார். உடனே அழிக்கப்போனார். அழிப்பதற்கு இரண்டு வழி இருந்தது. எல்லோருக்கும் அழிப்பது ஒன்று, தனக்கு மட்டும் அழிப்பது மற்றது. கிறகரி இரண்டாவதைத் தட்டினார். செய்தி அவருடைய போனிலிருந்து மறைந்தது. "சரி, போச்சு" என்று நிம்மதியாகக் காரை எடுத்தார். நூற்றெண்பத்தாறு போன்களில் அது நல்ல சுகத்தோடு இருந்தது.

அன்று பின்னேரம் ஆறு மணிக்குக் கதவு தட்டுப்பட்டது. அல்போன்சம்மா. பங்கில் யார் பிறந்தாலும் செத்தாலும் முதலில் போய்ச் சேருகிற ஆள். கையில் புட்டுப் பெட்டி, பின்னால் இரண்டு பெண்கள், அவர்களுக்கும் பின்னால் தலையைக் குனிந்தபடி றெனோல்ட். செத்தவீட்டுக்கு வருகிற ஒழுங்கில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள்.

"தம்பி கிறகரி," அல்போன்சம்மா அவருக்குப் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்தாள். "எது நடந்தாலும் கதைச்சுத் தீர்க்கலாம்."

"என்னத்தை?"

"அவன் வெள்ளைக்காரன் எண்டால் என்ன, ஞானஸ்நானம் எடுத்தவன்தானே. பிள்ளை விரும்பிட்டுது. பொலிஸ் பிடிச்சு நீ மறியலுக்குப் போனால் இந்தக் கிறேசின்ரை நிலைமை என்ன?"

கிறேஸ் குசினி வாசலில் கையில் அகப்பையோடு நின்றாள். "ஏனக்கா இவர் மறியலுக்குப் போறார்?"

"ஐயோ பிள்ளை, உனக்குத் தெரியாதோ. சம்பந்தியைச் சுட இவன் துவக்குத் தேடுறான்."

றெனோல்ட் போனை எடுத்து அழுத்தினான். அந்த வீட்டின் நடு ஹோலில் கிறகரியின் குரல் கணீரென்று ஒலித்தது. பழசெண்டாலும் காரியமில்லை, சுட்டால் காணும். கேட்டு முடித்ததும் ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள்.

கிறேஸ் அகப்பையைச் சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இருமல் வருமளவுக்குச் சிரித்தாள். அது மனமுடைந்த சிரிப்பு என்று நினைத்து அல்போன்சம்மா எழும்பி அவளைக் கட்டிப்பிடித்தாள்.

விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் பிடித்தது. பிளாஸ்ரிக் குண்டு, காடு, விளையாட்டு. அல்போன்சம்மா கடைசியில் ஒப்புக்கொண்டாள், ஆனால் ஏமாற்றத்தோடு. "அறுபது வயசிலை உனக்கு ஒளிச்சுப்பிடிச்சு விளையாட்டு. அதுக்கு நான் ஃபாதரிட்டைச் சொல்லி ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பேரும் கொடுத்திட்டன்."

"பிழை என்னிலை இல்லை," என்றார் கிறகரி. "அந்த வட்ஸ்அப்பை அப்பிடிச் செய்து வைச்சிருக்கிறாங்கள்."

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் 'சோதனைக்கு உள்ளாகியிருக்கும் ஒரு குடும்பத்துக்காக' மன்றாடினார்கள். சனம் முழுதும் முன்னுக்குப் பார்த்துக்கொண்டு கிறகரியைப் பார்த்தது.

திங்கட்கிழமை ஒரு தெரியாத இலக்கம் அழைத்தது.

"வணக்கம் அண்ணை. சம்பந்தியைச் சுடப்போறவர் நீங்கள்தானே?"

கிறகரி போனைக் காதிலிருந்து எடுத்து இலக்கத்தை மறுபடியும் பார்த்தார்.

"நான் இரவிச்சந்திரன். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலை இருக்கிறன். உங்கடை குரல் எங்கடை முருகன் கோயில் குறூப்புக்கும் வந்திட்டுது. சிலபேர் உங்கடை பேரிலை அர்ச்சனை செய்ய நட்சத்திரம் விசாரிக்கினம். எனக்கு மட்டும்தான் விளங்கினது இது எயார்சொஃப்ட் விசயம் எண்டு. என்னட்டை விக்கிறதுக்குக் கிடக்கு. பின்னேரம் வாங்கோ. வீட்டு பெல்லை அடிக்காதேங்கோ, கறாச் பக்கமாய் வாங்கோ."

கறாச் பக்கமாக ஏன் என்பது போனபிறகு தெரிந்தது. இரவிச்சந்திரன் வங்கியில் நல்ல வேலை, கோயில் நிர்வாகத்தில் பொருளாளர், நெற்றியில் விபூதி. ஏழு வருடமாகச் சனிக்கிழமைகளில் அலுவலகக் கூட்டம் என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குள் போய்ச் சுட்டுக்கொண்டிருந்தவர். போன மாதம் மனைவி குணேஸ்வரி உடுப்புத் தோய்க்கும்போது காற்சட்டைப் பையிலிருந்து வெள்ளை வெள்ளையாகக் குண்டுகள் கொட்டின. மருந்துக் குளிசை என்று பயந்து வைத்தியருக்குப் போன் எடுத்தவளுக்கு உண்மை தெரியவந்தது. அதோடு விற்பனை.

மா அரைக்கும் மெஷினுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்.

முதலாவது, மரப் பிடியும் வளைந்த குண்டுப்பெட்டியும் கொண்டது. பார்த்தால் உலகம் முழுக்கத் தெரிந்த உருவம், மன்னாரில் அவர் நிசமாகவே கண்டது. கிறகரி அதைத் தூக்கவில்லை. "இது வேண்டாம்," என்றார். இரவிச்சந்திரன், "ஓம், நானும் அதைக் கொண்டுபோறேல்லை. மலிவாய் வந்தது, வேண்டினன்," என்று சொல்லித் திரும்ப மெஷினுக்குப் பின்னால் வைத்தார்.

இரண்டாவது கறுப்பு, பளபளப்பு, மேலே தூரக்கண்ணாடி, பக்கத்தில் லைற், கீழே இன்னொரு பிடி. கிறகரியின் கண் அதிலேயே நின்றது. கோட்சூட்டுக்குப் பொருந்தும்போல இருந்தது.

"அண்ணை, அது காஸிலை வேலை செய்யிறது. வெயிலுக்கு நல்லது. எங்கடை ஒக்ரோபர்க் குளிரிலை இருமும், துப்பும், பேந்து படுத்திடும்."

"அப்ப ஏன் இவ்வளவு சாமான் பூட்டிக் கிடக்கு?"

"படம் எடுக்கத்தான்."

மூன்றாவது மண்ணிறம். அங்கங்கே சுரண்டல், பிடியில் கறுப்பு நாடா சுற்றியிருந்தது. பழைய தண்ணிப் பம்பின் அழகு.

"இதைத்தான் எடுங்கோ. பற்றறியிலை ஓடுறது. உள்ளுக்குப் பல்லுச்சில்லு எல்லாம் இரும்பு. கடையிலை மலிவாய்க் கிடக்கிற சிலதுக்கு அது பிளாஸ்ரிக். ஒரு சீசனிலை அரைஞ்சு போயிடும். துவக்குக்கு வெளியிலை என்ன கிடக்கெண்டு பாக்கக்கூடாது அண்ணை, உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு பாக்கோணும். ஆனால் எல்லாத்துக்கும் முதல் இது." முகத்தை முழுக்க மூடுகிற ஒரு மாஸ்க்கை எடுத்து நீட்டினார். "துவக்கிலை மிச்சம் பிடியுங்கோ, கண்ணிலை மிச்சம் பிடிக்காதேங்கோ."

நூற்றெண்பது என்றார். கிறகரி நூற்றிருபது என்றார். "அண்ணை, இது மீன் சந்தையில்லை" என்று இரவிச்சந்திரன் சிரித்தார். அந்த நேரம் உள்ளே இருந்து "ஆரோடை கதைக்கிறியள்?" என்று குணேஸ்வரியின் குரல் கேட்டது. விலை ஒரே மூச்சில் நூற்றைம்பதாக இறங்கியது, மாஸ்க்கும் பற்றறியும் சேர்த்து. கிறகரி அன்றைக்குக் குணேஸ்வரியைக் காணவேயில்லை; ஆனாலும் அவள்மீது அவருக்கு ஒரு மரியாதை உண்டாயிற்று.

"காருக்குள்ளை வெளியிலை தெரிய வைக்காதேங்கோ. பொலிசுக்கு இது விளையாட்டுச் சாமான் எண்டு தூரத்திலை தெரியாது," என்று சொல்லி, துவக்கை ஒரு நீளமான பைக்குள் போட்டுத் தந்தார். இரவிச்சந்திரனின் மகள் சாருஜா ஆறு வகுப்போடு கைவிட்ட கீபோர்ட்டின் பை. அதைத் தோளில் போட்டுக்கொண்டு கிறகரி வெளியே வந்தபோது தெருவால் போன ஒரு தமிழ்க் குடும்பம், பாட்டு வாத்தியார் என்று நினைத்து வணக்கம் சொன்னது.

சனிக்கிழமை. வடக்கே ஒன்றரை மணித்தியால ஓட்டம், றெஜானின் தமையனுடைய காணி. மேப்பிள் இலைகள் பாதி மரத்தில், பாதி நிலத்தில். இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லோரும் படை உடுப்பு. கிறகரி டோர்வலில் தருகிற வேலை ஜக்கெற், அதற்கு மேல் மாஸ்க். கிறேஸ், றெஜான் நீட்டிய இரவல் துவக்கை "மெர்சி!" என்று வாங்கி, "பிராவோ றெஜான், நல்லாய்ப் பகிர்ந்து கொள்ளுறீங்கள்" என்று பிரெஞ்சில் பாராட்டினாள். கூரைமேல் நாற்பது வருடம் நின்ற அந்த மனிதர் மூன்று வயதுப் பிள்ளைபோலச் சந்தோஷப்பட்டார்.

கொட்டிலுக்கு முன்னால் எல்லாத் துவக்குகளையும் வேகமளக்கும் சின்னப் பெட்டிக்குள் சுட்டுப் பரிசோதித்தார்கள். மண்ணிறத் துவக்கு முதல்தரத்திலேயே பாஸ். கிறகரி நிமிர்ந்து சுற்றிவரப் பார்த்தார். றெஜான் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, "போன் மஷின்!" என்றார், நல்ல மெஷின் என்று. எங்கே, எவ்வளவுக்கு எடுத்தது என்று ஷெரோனைக்கொண்டு கேட்டார். சொன்னதும் தமையனைக் கூப்பிட்டுக் காட்டினார். இரவல் வாங்காத சம்பந்தி அந்த நிமிடம் அரை அடி வளர்ந்துவிட்டார்.

பிறகு றெஜான் சட்டம் சொன்னார். ஷெரோன் தமிழில் சொன்னாள். மாஸ்க்கைக் கழற்றக்கூடாது. மரத்தில் பட்டுத் தெறித்து வந்த குண்டு கணக்கில்லை. நேரே பட்டால், பட்டவரே கையை உயர்த்தி, பட்டுவிட்டது என்ற பொருளில் 'தூஷே' என்று கத்திவிட்டு வெளியே போகவேண்டும்.

"நடுவர் ஆர்?" கிறகரி கேட்டார்.

"நடுவர் இல்லை அப்பா. பட்ட ஆள்தான் சொல்லோணும். குண்டிலை நிறம் ஒண்டும் ஒட்டாது. பட்டது அவைக்குத்தான் தெரியும்."

"பட்டவன் சொல்லாட்டில்?"

"சொல்லுவினம்," என்றாள் ஷெரோன், அதில் சந்தேகம் என்ன என்பதுபோல. "அதுதான் விளையாட்டே."

கிறகரிக்கு இந்த ஏற்பாடு புதுமையாக இருந்தது. தன் பிழையைத் தானே கத்திச் சொல்லுவதை விளையாட்டு என்று வைத்திருக்கிறார்கள். அதுவும் ஒன்றரை மணித்தியாலம் கார் ஓடி வந்து. "தூஷே எண்டது தூஷணம் மாதிரியெல்லோ கிடக்கு," என்று மட்டும் சொன்னார். "நாலு பேருக்கு முன்னாலை எப்பிடிக் கத்துறது?"

முதல் மூன்று சண்டையும் அந்த அவமானத்துக்கு இடம் வைக்கவில்லை. அவருடைய அணி தோற்றது. ஆனால் அவர் எப்போதும் பெரிய மரமொன்றுக்குப் பின்னால் இருந்தார். கடைசிச் சண்டைதான் முக்கியம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு தலைவர். தலைவரைச் சுட்டவரின் பெயரைக் கொட்டில் கதவில் எழுதுவார்கள். கதவில் பத்துப் பன்னிரண்டு வருடப் பெயர்கள் இருந்தன. கல்யாண வருடம் என்பதால் மஞ்சளுக்கு றெஜான் தலைவர், சிவப்புக்குக் கிறகரி. புருஷனையும் பெண்சாதியையும் ஒரே அணியில் போடுவதில்லை என்பது அந்தக் குடும்பத்தின் பழைய ஞானம். கிறேஸ் மஞ்சள்.

ஷெரோன் ஆரம்பத்திலேயே குண்டு பட்டு வெளியே போய் வேலிக்குப் பக்கத்தில் நின்றாள். கிறகரி விழுந்து கிடந்த ஒரு மேப்பிளுக்குப் பின்னால் படுத்திருந்தார். முன்னால் முப்பது அடியில் றெஜானின் பெரிய தோள் ஒரு புதருக்கு மேலே தெரிந்தது. தெரியாமல் இருக்கக்கூடிய தோளல்ல அது. கிறகரி மூச்சைப் பிடித்துக் குறிபார்த்தார்.

அப்போதுதான் அவருடைய பின்பக்கத்தில், வேலை ஜக்கெற் முடிந்து காற்சட்டை தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, சுள்ளென்று ஒன்று பட்டது.

திரும்பிப் பார்த்தார். இருபது அடி பின்னால் ஒரு மரத்தோடு கிறேஸ். துவக்கைத் தாழ்த்திவிட்டாள். கையைக் கட்டிக்கொண்டு, பிள்ளை தானாகக் கை கழுவுமா என்று பார்க்கும் கார்டெரி நிலையில் நின்றாள்.

கிறகரி ஒரு கணம் யோசித்தார் என்று சொன்னால் அது அவருக்குச் செய்யும் உபகாரம். யோசிக்கவில்லை. பழக்கம் வேலை செய்தது. முன்னால் திரும்பினார், சுட்டார். மண்ணிறத் துவக்கு விலைக்கு மேலேயே வேலை செய்தது. "தூஷே!" என்று றெஜான் உடனே இரண்டு கையையும் உயர்த்தினார், வாய் நிறையச் சிரிப்போடு. தோற்றதை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லும் ஒரு மனிதரைக் கிறகரி வாழ்க்கையில் கண்டதில்லை.

ஆட்கள் ஓடிவந்தார்கள். முதுகில் தட்டினார்கள். "கிறெகுவார்! கிறெகுவார்!" என்று அவருடைய பெயரைப் பிரெஞ்சாக்கிக் கத்தினார்கள். ஷெரோன் வேலியைத் தாண்டி ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். "அப்பா! நீங்க வருவீங்க எண்டே நான் நினைக்கேல்லை. பாருங்க, நீங்கதான் வெண்டிருக்கிறீங்க!" அவளுடைய கண் கலங்கியிருந்தது. ஜூன் மாதத்து நடை உறுதியாகிவிட்டது. இனி ஒன்றும் செய்யவேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அதில் அவருக்கு நல்ல பயிற்சி இருந்தது.

கிறேஸ் கடைசியாக வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. காய்ந்த இலையைக் கணவனின் தோளிலிருந்து தட்டிவிட்டுச் சூப் ஊற்றுகிற இடத்துக்குப் போனாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் கிறகரி சமாளித்திருப்பார். முப்பத்தொரு வருடமாக அவள் சொன்ன எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்திருக்கிறது.

கொட்டில் கதவுக்கு முன்னால் எல்லோரும் கூடினார்கள். றெஜான் தடித்த மார்க்கரைத் திறந்தார். வருடத்தை எழுதினார். பக்கத்தில் பெரிய எழுத்தில் G போட்டார். R போட்டார். மகள் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பட்டிட்டுது," என்றார் கிறகரி.

மெதுவாகத்தான் சொன்னார். ஷெரோனுக்கு மட்டும் கேட்டது. "என்ன அப்பா?"

"எனக்குப் பட்டிட்டுது." இந்தமுறை குரல் தேவைக்கு மேலே வந்துவிட்டது, பழக்கமில்லாத வேலை, அளவு தெரியவில்லை. கையையும் உயர்த்தினார். "நான் சுட முதலே எனக்குப் பட்டிட்டுது! கொம்மாதான் சுட்டவ!"

றெஜானின் மார்க்கர் காற்றில் நின்றது. ஷெரோன் பிரெஞ்சில் சொல்லமுன் தகப்பனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். கறாச் கதவு நாளில் அவளும் வீட்டில் இருந்தவள். பிறகு சொன்னாள். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள்.

கிறகரி கையை இறக்காமலே கிறேசைப் பார்த்தார். "உமக்குத் தெரியும்தானே? ஏன் சொல்லேல்லை?"

கிறேஸ் சூப்பை ஆற்றிக்கொண்டே, "முப்பத்தொரு வருசமாய்ப் பாத்துக்கொண்டிருக்கிறன், எப்ப சொல்லுவீங்கள் எண்டு," என்றாள். "இன்னுமொரு கால்மணித்தியாலம் பொறுக்க ஏலாதோ?" பிறகு பிரெஞ்சில், எல்லோருக்கும் கேட்க, "பிராவோ கிறெகுவார்! பெரிய பிள்ளை!" என்று கைதட்டினாள். கூட்டம் முழுவதும் சேர்ந்து தட்டியது.

றெஜான் கதவில் எழுதியதைப் பார்த்தார். G, R. வெட்டவேண்டிய தேவையே வரவில்லை. மிச்சத்துக்கு A, C, E என்று எழுதி மார்க்கரை மூடினார். பிறகு வந்து கிறகரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வென்றபோது குலுக்கியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

வெளிக்கிடும்போது ஷெரோன் கார்க் கண்ணாடிக்குள்ளால் தலையை நீட்டினாள். "அப்பா, ஜூன் மாசம் வலதுகால் முதல். வேகமாய் நடக்கக்கூடாது."

"நான் எப்ப வேகமாய் நடந்தனான்? கொம்மாதான் நடந்தவ."

காடு முடிந்து பெருந்தெரு வந்தது. கீபோர்ட் பை பின்சீற்றில் படுத்திருந்தது. பதினைந்து நிமிடம் கிறகரி கார் ஓடினார். பிறகு பின்னால் பார்க்கிற கண்ணாடியைச் சரிசெய்தார்.

"இஞ்சரும், யோசிச்சுப் பாக்கேக்கை, அது மரத்திலை பட்டுத் தெறிச்சு வந்த குண்டாயும் இருக்கலாம் என்ன? தெறிச்சது கணக்கில்லை எண்டெல்லோ அவன் சொன்னவன்."

கிறேஸ் சீற்றைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருக்கலாம்," என்றாள். "வீட்டை போனோடனை, கறாச் கதவு திறந்து கிடக்கோ எண்டு இறங்கி ஒருக்காப் பாத்திட்டுக் காரை விடுங்கோ."